ஆப்ஜெக்ட் பாதியாகப் போய்ச் சேர்கிறதா? முதலில் பேலோடைப் பாருங்கள்

வெப் சர்வீஸுக்கு ஒரு பெயரையோ எண்ணையோ அனுப்பும்போது பெரிதாகச் சிக்கல் வராது. ஆர்டர், அதற்குள் வாடிக்கையாளர், அவருக்குள் முகவரி, கூடவே பொருட்களின் பட்டியல் என்று அடுக்கடுக்காக அனுப்பினால்தான் தலைவலி: அந்தப் பக்கம் பாதி ஃபீல்டுகள் காலியாக வந்து நிற்கும். உடனே கோடில் கை வைக்காதீர்கள்.

படி 1: போனது என்ன?

பிரவுசரில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் டேபில் அந்த ரெக்வெஸ்ட்டின் பேலோடை, அதாவது உண்மையில் அனுப்பப்பட்ட தரவைத் திறங்கள். கன்சோலில் ஆப்ஜெக்டை லாக் செய்து பார்ப்பதை நம்ப வேண்டாம். நீங்கள் விரித்துப் பார்க்கும் நேரத்தில் உள்ளே இருப்பதைத்தான் அது காட்டும், அனுப்பிய நேரத்தில் இருந்ததை அல்ல.

பேலோடில் ஃபீல்டு சரியாக இருந்தால் கோளாறு வாங்கும் பக்கம். இல்லையென்றால் அனுப்பும் பக்கம்.

படி 2: அனுப்பும் பக்கம்

ஆப்ஜெக்டை ஜேசான் என்ற எழுத்து வடிவமாக மாற்றித்தான் பெரும்பாலும் அனுப்புகிறோம். ஜாவாஸ்கிரிப்ட்டில் அடிக்கடி பார்ப்பது இது:

{"பெயர்":"கவிதா","பொருட்கள்":{}}

பொருட்களை மேப்பில் வைத்திருந்தால் எந்த எரரும் இல்லாமல் இப்படி வெறும் அடைப்புக்குறிதான் போகும். செட்டுக்கும் இதே கதி. அனுப்பும் முன் அரேயாக மாற்றிக்கொள்ளுங்கள். அன்டிஃபைன்டாக (மதிப்பு எதுவும் வைக்கப்படாமல்) இருக்கும் ஃபீல்டோ பெயரோடு சேர்ந்தே காணாமல் போகும்.

தேதிகள் யுடிசி எனும் உலகப் பொது நேரத்துக்கு மாறிப் போகின்றன. அதனால் யுடிசியைவிட முன்னால் ஓடும் இந்தியா போன்ற நேர மண்டலங்களில் நள்ளிரவு 12 மணி என்று வைத்த தேதி முந்தைய நாளாகத் தெரியும்.

ஆர்டர் வாடிக்கையாளரைச் சுட்ட, வாடிக்கையாளர் திரும்ப ஆர்டரைச் சுட்டினால் அது முடிவில்லாச் சுழல். ஜாவாஸ்கிரிப்ட் டைப்எரர் தந்து நிற்கும். ஜாவாவில் ஆப்ஜெக்டை ஜேசானாக மாற்றும் லைப்ரரியான ஜாக்சன் ஆழம் தாங்காத வரை சுற்றிவிட்டு எரர் தரும். அந்த ஃபீல்டை விட்டுவிடச் சொல்லும் ஜேசான்இக்னோர் குறிப்பைப் போட்டுத் தப்பிக்கலாம். என்னைக் கேட்டால், அனுப்புவதற்கென்றே தனியாக ஒரு சின்ன கிளாஸ் எழுதுவதுதான் நல்லது. டேட்டாபேஸ் எண்டிட்டியை (டேபிளுக்கு இணையான கிளாஸை) அப்படியே வெளியே தள்ளுவதால்தான் இந்தச் சுழல் பெரும்பாலும் வருகிறது.

படி 3: வாங்கும் பக்கம்

பதிலில் 415 (இந்தத் தரவு வகையை ஏற்க முடியாது) என்ற நிலை எண் வந்தால், தரவின் வகையைச் சொல்லும் கன்டென்ட்-டைப் ஹெடரை முதலில் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

200 (வெற்றி) வந்தும் ஃபீல்டு காலியா? பெயர்ப் பொருத்தம் பாருங்கள். டாட்நெட்டின் ஜேசான் லைப்ரரியான சிஸ்டம்.டெக்ஸ்ட்.ஜேசானைத் தனியாக அழைத்தால் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அதற்கு வேறு வேறு. வெப் ஏபிஐ எழுதப் பயன்படும் ஏஎஸ்பி.நெட் கோருக்குள் அந்தக் கண்டிப்பு இல்லை. ஏபிஐயில் ஓடும் அதே கிளாஸ் யூனிட் டெஸ்டில் காலியாக வருவது இதனால்தான்.

மைக்ரோசாஃப்டின் பழைய டபிள்யூசிஎஃப் முறையில் எழுதிய சர்வீஸ் என்றால் எக்ஸ்எம்எல்லில் ஃபீல்டுகளின் வரிசையும் முக்கியம். வரிசை தனியாகக் குறிப்பிடப்படாவிட்டால் அகர வரிசையில் எதிர்பார்க்கும். இடம் மாறி வந்ததைப் பேசாமல் விட்டுவிடும்.

நீளமான ஐடிகளிலும் ஒரு கண் இருக்கட்டும். சர்வர் 9007199254740993 என்று எண்ணாக அனுப்பினால் ஜாவாஸ்கிரிப்ட்டில் அது 9007199254740992 ஆகிவிடும். ஸ்ட்ரிங்காக அனுப்பச் சொல்லுங்கள்.

படி 4: இன்னும் பிடிபடவில்லையா?

பேலோடை காப்பி செய்து போஸ்ட்மேனில் (ரெக்வெஸ்ட் அனுப்பிச் சோதிக்கும் டூலில்) ஒட்டி, உள் ஆப்ஜெக்ட்களில் பாதியை வெட்டிவிட்டு அனுப்புங்கள். சரியாகப் போனால் கோளாறு வெட்டிய பாதியில். போகாவிட்டால் மிச்சத்தை மறுபடி பாதியாக்குங்கள். ஒரே ஒரு ஃபீல்டு மிஞ்சும்வரை இப்படியே குறைத்துக்கொண்டு வந்து, அந்த ஃபீல்டின் டைப் இரண்டு பக்கமும் என்ன என்று ஒப்பிடுங்கள்.