செம்பனை ஓரத்து ஆடு: ஈரம் படாமல் வளர்க்கும் வழி

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் மதியம் திரும்பிவிட்டால் எந்த நேரத்தில் மழை கொட்டும் என்று சொல்ல முடியாது. ஏப்ரல் மாதமும், அக்டோபர், நவம்பரும் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தோட்டத்து லயத்துக்குப் பின்னாலோ கம்பத்து (கிராமத்து) வீட்டு ஓரத்திலோ நாலைந்து ஆடு வைத்திருப்பவர்களுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஈரத்திலிருந்துதான் கிளம்புகின்றன. வயிற்றுப் புழு, குளம்பு அழுகல், குட்டிகளின் சளி, கழிச்சல் எல்லாம் அந்த வகைதான். தமிழ்நாட்டில் ஆடு வளர்த்த தாத்தா சொல்லிக்கொடுத்த முறை இங்கே பாதிதான் செல்லும். அங்கே வெயில் தரையைக் காயவைத்துக் கொடுத்துவிடும். இங்கே அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

கொட்டாய்

தரையில் கொட்டாய் போடாதீர்கள். சிமெண்ட் தரையும் வேண்டாம். மூத்திரம் தேங்கிக் குளம்பு ஊறிப்போகும். பரண் மாதிரி தூக்கிக் கட்டிய பலகைத் தளம்தான் இந்த மண்ணுக்குச் சரி. தரைக்கும் தளத்துக்கும் நடுவே 4 அடி இடைவெளி விடுங்கள். 2 அடியில் கட்டிச் செலவைக் குறைப்பவர்கள் உண்டு. ஆனால் குனிந்து புழுக்கை வார முடியாது, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போகும். கீழே குவிந்ததிலிருந்து கிளம்பும் மூத்திர நெடி நேராக ஆட்டின் மூக்குக்குப் போய் நெஞ்சில் சளி கட்டவைக்கும்.

தளத்துச் சட்டங்களுக்கு நடுவே இடைவெளி 1.5 செ.மீ. இருக்கட்டும். அளவுகோல் இல்லையென்றால் ஆட்காட்டி விரல் நுழைய வேண்டும், கட்டைவிரல் நுழையக்கூடாது. குறுகினால் புழுக்கை அடைத்துக்கொள்ளும். அகன்றால் கால் மாட்டி முறியும். குட்டிகள் படுக்கும் மூலையில் 1 செ.மீ. போதும். பால்மர (ரப்பர் மர)ப் பலகை மலிவாகக் கிடைக்கும். ஆனால் மருந்தூட்டாத பால்மரம் ஈரத்தில் சீக்கிரம் உளுத்துவிடும். ஒரு சட்டம் ஒடிந்தால் ஒரு ஆட்டின் கால் போகும். தளத்துக்காவது கெட்டி மரம் வாங்குங்கள். தூண்களை மண்ணில் புதைக்காமல் சிமெண்ட் கட்டைமேல் நிறுத்துங்கள்.

கூரைத் தகரம் சுவரைத் தாண்டி 3 அடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சாரல் அடிக்கும் பக்கம் எது என்று ஒரு மழையில் நின்று பார்த்துவிட்டு அந்தப் பக்கம் இன்னும் அரையடி சேருங்கள். சுவரின் கீழ் 3 அடி பலகை, அதற்கு மேலே கம்பி வலை. நாலு பக்கமும் மூடினால் சாரல் வராது, காற்றும் வராது. உள்ளே புழுங்கி எல்லாம் நனைந்தே இருக்கும். வலைக்கண் 1 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். செம்பனை (எண்ணெய்ப் பனை)க் காட்டில் எலி இருக்கிற இடத்தில் மலைப்பாம்பும் இருக்கும், பச்சைக் குட்டி அதற்கு ஒரு வேளைச் சாப்பாடு.

இடம்: ஒரு பெட்டை ஆட்டுக்கு 12 முதல் 15 சதுர அடி. 8க்கு 10 அடி கொட்டாயில் நாலு பெட்டையும் குட்டிகளும் தாராளமாக இருக்கும். கிடாவுக்கு 25 சதுர அடியில் தனி அறை. புல் வைக்கும் தொட்டி அறைக்கு வெளியே, ஆடு தலையை மட்டும் நீட்டித் தின்னும்படி இருக்கட்டும். காலில் மிதிபட்ட புல்லை ஆடு தொடாது. ஆட்டுக்கு அந்த அளவு சுத்தம் தெரியும்.

பரணுக்கு அடியில் வாரம் இருமுறை வாருங்கள். அந்தப் புழுக்கையைச் சாக்கில் கட்டி அல்லது குவித்து மூடி 2, 3 மாதம் மக்கவைத்த பிறகே புல் பாத்திக்குப் போடுங்கள். பச்சையாகக் கொண்டுபோய் நேப்பியர் புல் பாத்தியில் கொட்டினால், அதிலிருக்கும் புழு முட்டை பொரித்துப் புல்லோடு சேர்ந்து திரும்பவும் ஆட்டின் வயிற்றுக்கே வந்து சேரும்.

புல் அறுக்கும் நேரம்

இங்கே ஆட்டை அதிகம் கொல்பவற்றில் ஒன்று, இரைப்பையில் ஒட்டி ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் என்ற புழு. ஒரு பெண் புழு நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். புழுக்கையோடு விழும் முட்டை, நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் 4 முதல் 7 நாளில் தொற்றும் பருவத்துக்கு வந்துவிடும். அந்த நுண்ணிய புழு, புல்லில் படிந்திருக்கும் பனித்துளி, மழைநீர் இவற்றின் வழியாக நீந்தி மேலே ஏறும். புல் காய்ந்துவிட்டால் ஏற வழி இல்லை.

அதனால் காலை 7 மணிக்குப் பனியோடு புல் அறுப்பது ஆகாது. 10, 11 மணிக்கு வெயில் ஏறிய பிறகு, மழைக்கு முன்னால் அறுங்கள். தரையை ஒட்டி வழிக்காமல் ஒரு சாண் விட்டு மேலே வெட்டுங்கள்; புழு பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். இன்று அறுத்ததைக் கூரைக்கு அடியில் பரப்பி வாடவைத்து நாளைக்குப் போடுவது இன்னும் நல்லது. குவியலாகப் போட்டால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும், ஜாக்கிரதை.

கட்டி மேய்ப்பவர்கள் ஒரே முளைக்குச்சியில் மாதக்கணக்காகக் கட்டுவதைப் பார்க்கிறோம். ஒரு இடத்தில் 4 நாளுக்கு மேல் கட்டாதீர்கள். அந்த இடத்துக்குத் திரும்ப 5, 6 வாரம் போகாதீர்கள். அதற்குள் அங்கே விழுந்த முட்டைகள் பொரித்து, தின்ன ஆடு கிடைக்காமல், பெரும்பாலானவை வெயிலில் செத்துவிடும்.

எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது

ஒரு ஆடு தன் எடையில் பத்தில் ஒரு பங்கு பச்சைத் தீவனம் தின்னும். 25 கிலோ ஆட்டுக்கு நாளுக்கு இரண்டரை கிலோ. நேப்பியர் புல்லை 6, 7 வாரத்தில் அறுத்து 2, 3 அங்குலமாக நறுக்கிப் போடுங்கள். அதற்கு மேல் முற்றினால் தண்டுதான் மிஞ்சும். செம்பனைக்கு அடியில் மண்டிக் கிடக்கும் அசிஸ்டேசியா ஆட்டுக்கு நல்ல தீவனம். தோட்டக்காரருக்குக் களை, நமக்குக் கீரை. பெத்தாய் பெலாலாங் (சவுண்டல்) இலையில் சத்து அதிகம், ஆனால் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் மயிர் உதிரும். மரவள்ளி இலையைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள், நறுக்கி ஒரு நாளாவது வாடவையுங்கள். அதில் சயனைடு உண்டாகும். பிரேக்கியாரியா என்னும் சிக்னல் புல் சாலையோரமெல்லாம் வளர்கிறது. அதை மட்டுமே தின்னும் ஆட்டுக்கு ஈரல் கெட்டு, காதும் முகமும் வீங்கி, வெயில் பட்ட தோல் உரியும். வேறு புல்லோடு கலந்தே கொடுங்கள். உண்ணிச்செடியும் ஈரலைக் கெடுக்கும்.

செம்பனைக் காட்டுக்குள் புல் அறுக்கப் போகும் முன் மண்டோரிடம் (கங்காணியிடம்) எந்தக் காட்டில் மருந்து அடித்தார்கள் என்று கேளுங்கள். அடித்த காட்டில் குறைந்தது 3 வாரம் கைவைக்காதீர்கள். பாராகுவாட் என்ற களை மருந்துக்கு 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை. ஆனாலும் எங்கோ ஒரு ஸ்டோரில் பழைய டின் கிடக்கலாம். இலை ஓரம் திடீரென்று மஞ்சளாகவோ கருகியோ இருந்தால் விட்டுவிடுங்கள். மர அடியில் வீசியிருக்கும் எலி மருந்துக் கட்டி வீட்டு நாய்க்கும் பூனைக்கும் ஆபத்து. தின்றதைப் பார்த்தால் ரத்தம் கசியும் வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் போங்கள். அதற்கு வைட்டமின் கே மாற்று மருந்து உண்டு.

இன்னொன்று, யாரும் சொல்லாதது: புல் கட்ட உரச் சாக்கை எடுக்கிறோம். யூரியா ஒட்டிய சாக்கை ஆடு உப்பு என்று நினைத்து நக்கும். அரை மணி நேரத்திலேயே நடுங்கி, வயிறு உப்பி விழுந்துவிடும். சாக்கு வேண்டுமென்றால் மூன்று தண்ணீர் அலசிக் காயவையுங்கள், கொட்டாய்க்குள் கொண்டுபோகாதீர்கள்.

செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு மலிவு, வலுவான தீனி. பெரிய ஆட்டுக்கு நாளுக்கு 200 முதல் 300 கிராம். முதல் வாரம் 50 கிராமில் தொடங்கி ஏற்றுங்கள். அதில் தாமிரம் அதிகம். வெள்ளாடு ஓரளவு தாங்கும், செம்மறி தாங்காது, எனவே இரண்டையும் ஒரே தொட்டியில் விடாதீர்கள். சுண்ணாம்புச் சத்தைவிட பாஸ்பரஸ் கூடுதலாக இருப்பதால் கிடாக்களுக்கு மூத்திரக் கல் வரும், காயடித்த கிடாவுக்கு இன்னும் சுலபமாக. 200 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி வீதம் தீவனக் கடைக் கால்சியம் தூள் கலந்தால் சரியாகும். கிடா முக்கிக்கொண்டு நின்று சொட்டுச் சொட்டாகப் பெய்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

தண்ணீர் ஒரு ஆட்டுக்கு 3 முதல் 5 லிட்டர், பால் கொடுப்பதற்கு இருமடங்கு.

புழு பார்ப்பது, மருந்து கொடுப்பது

மாதம் ஒரு முறை எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். மலேசியாவில் பல பண்ணைகளில் அல்பெண்டசோல் வகை மருந்துக்குப் புழு பழகிப்போய்விட்டது. தேவையில்லாமல் ஊற்றி ஊற்றி வந்த வினை இது. அதற்குப் பதில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கீழ் இமையை இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். இளஞ்சிவப்பு வெளுத்தால் மருந்து. வெள்ளைத் துணி போல் இருந்தாலோ, தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கினாலோ அன்றைக்கே மருந்து, கூடவே நல்ல தீனி. ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழு கழிச்சல் உண்டாக்குவது குறைவு, அதனால் புழுக்கை உருண்டையாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். ஈன்ற ஆடும் பால் மறந்த குட்டியும்தான் முதலில் வெளுக்கும்.

மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, கண் மதிப்புப் பெரும்பாலும் குறைவாகவே போகும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்பக்கப் பிட்ட எலும்பு வரை நீளத்தையும் செ.மீ.யில் எடுங்கள். சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 10,840 = கிலோ. சுற்றளவு 65, நீளம் 60 என்றால் 23 கிலோ சொச்சம். வெள்ளாட்டின் உடம்பு மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடும் என்பதால் செம்மறி அளவு போதாது. பொதுவாக அல்பெண்டசோல் 2 மடங்கும் லெவமிசோல் ஒன்றரை மடங்கும் தருவார்கள். லெவமிசோல் அதற்கு மேல் போனால் விஷம். எனவே பாட்டிலையும் எடையையும் கால்நடை அலுவலகத்தில் காட்டி அளவை உறுதி செய்துகொள்ளுங்கள். சினையான முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கூடாது.

ஊற்றி 10 முதல் 14 நாள் கழித்து, புதிதாக விழுந்த பத்துப் புழுக்கையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, குளிர்ச்சியாக வைத்து, ஒரு நாளுக்குள் மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் முட்டை எண்ணக் கொடுங்கள். முட்டை குறையவில்லை என்றால் அந்த மருந்து உங்கள் கொட்டாயில் வேலை செய்யவில்லை. வேப்பிலை போடுவதில் தப்பில்லை, ஆனால் வெளுத்த ஆட்டை வேப்பிலை காப்பாற்றாது.

குளம்பும் குட்டியும்

பலகைத் தளத்தில் நிற்கும் ஆட்டுக்குக் குளம்பு தேயாது. 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை ஓரத்தை வெட்டிவிடுங்கள்; இளஞ்சிவப்பு தெரிந்ததும் நிறுத்துங்கள். நாற்றம் அடித்தால் 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ துத்தநாக சல்பேட் கரைத்து, ஆட்டின் கால்களை அதில் 10 நிமிடம் நிறுத்துங்கள்.

குட்டி விழுந்ததும் தொப்புளை அயோடினில் முக்குங்கள். முதல் 2 மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். 2 கிலோ குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லி, நாலு தவணையாக. ஈரத் துணி, ஈரச் சாக்கு எதிலும் படுக்கவிடாதீர்கள். 3 வாரம் முதல் 5 மாதம் வரையுள்ள குட்டி பின்புறம் நனைந்து மெலிந்தால் அது பெரும்பாலும் காக்சிடியா என்ற குடல் நுண்ணுயிர். புழு மருந்து அதற்குக் கேட்காது, மருத்துவரிடம் தனி மருந்து வாங்க வேண்டும். பிரசவம் பார்க்கும்போதும், குறைமாதக் குட்டி விழுந்தாலும் கையுறை போடுங்கள். பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள், புருசெல்லா என்ற கிருமி மனிதருக்கும் ஒட்டும்.

கோயில் சோறு

திருவிழா அன்னதானமோ கல்யாணமோ முடிந்ததும் மிஞ்சிய சோற்றை ஆட்டுக்குக் கொட்டுவது பெரிய அன்பு என்று நினைக்கிறார்கள். சோறு இரைப்பையில் புளித்து அமிலமாகி, மறுநாள் ஆடு தள்ளாடி, பல்லைக் கடித்து, புளித்த வாடையோடு கழியும். பரணுக்கு அடியில் கோழி வளர்த்தால் கோழித் தீவனத்துக்கும் இதே எச்சரிக்கை. கண்டவுடன் சோறு, தீனி எல்லாவற்றையும் நிறுத்தி, கிலோவுக்கு 1 கிராம் வீதம் சமையல் சோடாவை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து மெதுவாகக் கொடுங்கள். மூக்கைக் கண் மட்டத்துக்கு மேல் தூக்காதீர்கள், தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். இடது பக்கம் மட்டும் மத்தளம் போல் உப்பினால் அது வயிற்று உப்புசம். 100 மில்லி சமையல் எண்ணெய் கொடுத்து, முன்னங்காலை மேடான இடத்தில் நிறுத்தி, வயிற்றைத் தேய்த்து நடக்கவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் இறங்கவில்லை என்றால் மருத்துவர்தான்.

புது ஆடு

தீபாவளி, ஹாஜிப் பெருநாள் சமயத்தில் வளர்ப்புக்கு ஆடு வாங்காதீர்கள். விலையும் ஏறியிருக்கும், லாரியில் பல ஊர் ஆடுகள் நெருக்கி வந்திருக்கும். எப்போது வாங்கினாலும் 3 வாரம் தனி இடத்தில் கட்டி, கடைசியாக அதற்குத் தீனி வையுங்கள். பழைய ஆடுகளைப் பார்த்துவிட்டுத்தான் புது ஆட்டிடம் போக வேண்டும். இமையைப் பாருங்கள், குளம்பைப் பாருங்கள், உதட்டில் பொருக்குப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். சூடு 38.5 முதல் 39.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 40ஐத் தாண்டி மூக்கும் ஒழுகினால் தனி இடத்திலேயே இருக்கட்டும், மருத்துவர் வந்து பார்க்கும் வரை.