பழைய பாப் வீடியோ டிஸ்க்கை நிஜமான 5.1ல் கேட்பது எப்படி?

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி விசைத்தறி ஓடுகிறது. தறி நிற்கிற நேரம்தான் நான் பாட்டுக் கேட்கிற நேரம். உள்ளூரில் அசெம்பிள் செய்து வாங்கிய 5.1 ஆம்ப், ஆறு ஸ்பீக்கர், ஒரு டிவிடி பிளேயர், குயின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் வீடியோ பாடல்கள் அடங்கிய ஒரு டிஸ்க். இவ்வளவையும் வைத்துக்கொண்டு மூன்று வருடம் 5.1 கேட்பதாகவே நம்பியிருந்தேன். 5.1 என்றால் முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, கூடவே அடித்தளச் சத்தத்துக்கு (பேஸ்) ஒரு சப்வூஃபர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒலி.

ஒரு மே மாதம் அந்த டிஸ்க்கை ஏற்காட்டுக்கு எடுத்துப் போனேன். அங்கே காபித் தோட்டம் ஒன்றில் கணக்குப் பார்க்கும் சித்தப்பா வீட்டில் நல்ல ரிசீவர் (டிஸ்க்கின் 5.1 ஒலியைத் தானே பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஆம்ப்) உண்டு. பாட்டு ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் என் இடது தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்கு முன் அந்தக் குரலை நான் தனியாகக் கேட்டதே இல்லை.

“சித்தப்பா, இது வேற டிஸ்க்கா?”

“நீ கொண்டாந்ததுதான்டா. வீட்ல ஸ்டீரியோவுல போட்டுக் கேக்கறியா?”

ஆமாம், ஸ்டீரியோதான், அதாவது இடது, வலது என்று இரண்டே ஒலி. ஆறு ஸ்பீக்கரிலும் சத்தம் வந்ததால் அது 5.1 என்று நினைத்துவிட்டேன். முன்னால் வந்த அதே பாட்டைத்தான் ஆம்ப் கொஞ்சம் எக்கோ சேர்த்துப் பின்னாலும் அனுப்பிக்கொண்டிருந்தது. நம் பக்கம் நிறைய வீடுகளில் இப்படித்தான் ஓடுகிறது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் அந்த மூன்று வருடத்தை வீணாக்க வேண்டாம் என்பதற்காக, நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், எந்த ரீமிக்ஸ்?

பழைய பாட்டை 5.1க்காக மறுபடி கலப்பதையும் ரீமிக்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். நம்மூரில் ரீமிக்ஸ் என்றால் பழைய பாட்டுக்குப் புதுத் தாளம் போட்டு, நடுவில் ராப் சேர்ப்பது. இது அதுவல்ல. பாட்டில் ஒரு சுரம்கூடப் புதிதாகச் சேராது. அன்று ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிந்த அதே குரல், அதே கிதார், அதே டிரம்ஸ். அவற்றை எந்த ஸ்பீக்கரில் வைப்பது என்பதை மட்டும் புதிதாக முடிவு செய்கிறார்கள்.

தட்டுவடை செட் சாப்பிட்டவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தட்டுவடை, பீட்ரூட், கேரட், சட்னி எல்லாம் சேர்த்து அடுக்கி ஒரு கடி கடித்த பிறகு எதையும் தனியாகப் பிரிக்க முடியாது. ஸ்டீரியோ ரெக்கார்டு அந்த மாதிரி, கலந்து முடிந்தது. ஆனால் கலப்பதற்கு முந்தைய மல்டிடிராக் டேப்பில் ஒவ்வொன்றும் தனித்தனிக் கிண்ணத்தில் இருக்கிறது. 1970களின் நடுவில் பெரிய ஸ்டுடியோக்களில் 2 அங்குல அகல டேப்பில் 24 தடங்கள் வரை பதிந்தார்கள். அந்த டேப் பிழைத்திருந்தால் பின்னணிக் குரலை மட்டும் எடுத்து உங்கள் முதுகுக்குப் பின்னால் வைக்கலாம்.

டேப்பில் தடம் குறைவு என்றால் அந்த வசதியும் குறைவு. பீட்டில்ஸ் குழு 1963 அக்டோபர் வரை இரண்டு தட டேப்பில்தான் பதிந்தது. 2015ல் வெளிவந்த அவர்களின் ‘1+’ வீடியோ தொகுப்புக்கு கைல்ஸ் மார்ட்டினும் சாம் ஓகெல்லும் 5.1 கலவை செய்தார்கள். அதில் ஆரம்ப காலப் பாடல்களில் குரல் உங்களைச் சுற்றிவரும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிண்ணமே இரண்டுதானே.

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும். அங்கே எடுத்த பழைய படங்களில் ஒலி, பிலிமின் ஓரத்தில் ஒரே தடமாக இருந்தது. அந்தப் பாட்டுகளின் டேப்பும் 24 கிண்ணமாக எங்காவது இருந்திருந்தால் என்று ஏங்காமல் இருக்க முடியவில்லை. பழைய தமிழ்ப் பாட்டுக்கு ‘5.1’ என்று லேபிள் ஒட்டி வருவது பெரும்பாலும் கலந்த ஒலியைக் கருவியால் பிரித்துப் பரப்பியதுதான்.

டிஸ்க்கின் பின்னட்டையைப் படியுங்கள்

டால்பி சின்னம் இருந்தாலே 5.1 என்று முடிவு கட்டக் கூடாது. டால்பி டிஜிட்டல் 2.0 என்றும் உண்டு, அது வெறும் ஸ்டீரியோ. 5.1 என்ற எண்ணையே தேடுங்கள். ‘200 பாட்டு 5.1’ என்று எழுதி விற்கிற எம்பி3 டிஸ்க்கை நம்ப வேண்டாம். அதில் இருப்பது ஸ்டீரியோ.

வெளிநாட்டு டிஸ்க் வாங்கினால் மண்டல எண்ணைப் பாருங்கள். டிவிடியில் இந்தியாவுக்கு 5, புளூரேயில் சி. மண்டலம் 0 அல்லது ‘ஆல்’ என்று போட்டிருந்தால் எங்கும் ஓடும். இசை டிஸ்க்குகளில் இது நிறையவே உண்டு.

எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால் நான் இரண்டு சொல்வேன். 2002ல் வந்த குயினின் ‘கிரேட்டஸ்ட் வீடியோ ஹிட்ஸ் 1’, 2004ல் வந்த பிரிட்டிஷ் பாடகர் பீட்டர் கேப்ரியலின் ‘பிளே’. இரண்டாவதன் 5.1 கலவையை டேனியல் லான்வாவும் ரிச்சர்ட் சாப்பலும் செய்தார்கள்.

கேபிளும் பிளேயர் மெனுவும்

தப்பு பெரும்பாலும் நடக்கிற இடம் இதுதான், எனக்கும் இங்கேதான் நடந்தது. பொறுமையாகப் பாருங்கள்.

சிவப்பு, வெள்ளை என்று இரண்டே ஒயர் மட்டும் பிளேயரிலிருந்து ஆம்ப்புக்குப் போகிறதா? அப்படியானால் நீங்கள் கேட்பது ஸ்டீரியோ. 5.1 போக மூன்று வழி உண்டு.

ஒன்று, எச்டிஎம்ஐ. புளூரேயின் இழப்பில்லாத ஒலி உட்பட எல்லாம் இதில் போகும். ரிசீவர் இருந்தால் பிளேயரை நேராக ரிசீவரில் செருகுங்கள், டிவி வழியாகச் சுற்றிக் கொண்டுவர வேண்டாம். டால்பி மாதிரியே இன்னொரு ஒலி முறையான டிடிஎஸ்ஸைப் பல டிவிகள் வெளியே விடாது.

இரண்டு, ஆப்டிகல் அல்லது கோஆக்சியல். டால்பி டிஜிட்டல் 5.1, டிடிஎஸ் 5.1 இரண்டும் போகும். டிவிடிக்கு இது தாராளமாகப் போதும்.

மூன்று, பிளேயரின் பின்னால் ஆறு ஓட்டைகள் இருந்தால் ஆறு ஆர்சிஏ ஒயர். டீகோடர் (டிஜிட்டல் ஒலியை ஆறாகப் பிரிக்கும் பகுதி) இல்லாத அசெம்பிள் ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் வழி. எஃப்எல், எஃப்ஆர் முன்பக்கம், எஸ்எல், எஸ்ஆர் பின்பக்கம், சி நடு, எஸ்டபிள்யூ சப்வூஃபர். நடுவையும் சப்வூஃபரையும் மாற்றிச் செருகிவிடுவது சகஜம். பாடகரின் குரல் சப்வூஃபரிலிருந்து பானைக்குள் பேசுவது மாதிரி வந்தால் இந்த இரண்டையும் மாற்றிச் செருகுங்கள், சரியாகிவிடும்.

இனி டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு பிளேயரின் செட்டப் மெனுவுக்குப் போங்கள். டிஜிட்டல் அவுட்புட் என்ற இடத்தில் ‘பிசிஎம்’ (பிளேயரே பிரித்து அனுப்புவது) என்று இருந்தால் ‘பிட்ஸ்ட்ரீம்’ (பிரிக்காமல் அப்படியே ஆம்ப்புக்கு அனுப்புவது) என்று மாற்றுங்கள். விலை குறைந்த பிளேயர்களில் இதே விஷயம் ‘எஸ்பிடிஐஎஃப் ரா’ என்ற பெயரில் இருக்கும். டிடிஎஸ் என்று தனி வரி இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். ஆறு ஒயர் முறை என்றால் ‘டவுன்மிக்ஸ்’ (ஆறு ஒலியை இரண்டாகச் சுருக்குவது) என்ற வரியை ஆஃப் செய்ய வேண்டும். என் பிளேயரில் அது ஸ்டீரியோ என்று இருந்தது. மூன்று வருடமும் அந்த ஒரு வரியில் போய்விட்டது.

‘நைட் மோட்’, ‘டைனமிக் ரேஞ்ச்’ என்று எதுவும் ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஆம்ப்பில் ஹால், ஸ்டேடியம், ப்ரோலாஜிக் பொத்தான்களும் வேண்டாம்.

ஸ்பீக்கர் வைக்கிற இடம்

எங்கள் தெருவில் நூலுக்குப் பஞ்சமில்லை, அதனால் நூலால் அளந்தேன். நீங்கள் உட்காரும் இடத்தில், காது உயரத்தில் நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முன் இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே நீளம் வரட்டும். அதே நீளம் அந்த இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவிலும் வரட்டும். மூன்று பக்கமும் சமமான முக்கோணம் கிடைத்துவிட்டால், நேர் எதிரிலிருந்து பக்கத்துக்கு 30 டிகிரி தானாகவே அமைந்துவிடும். நடு ஸ்பீக்கர் டிவிக்குக் கீழே, உங்கள் முகத்தைப் பார்த்து.

பின் ஸ்பீக்கர்தான் முக்கியம். நம் வீடுகளில் அதைக் கூரையோரம் ஆணியடித்து மாட்டிவிடுகிறோம். படத்துக்கு அது ஓரளவு பரவாயில்லை, பாட்டுக்கு ஒத்து வராது. ஒரு ஸ்டூல் போட்டுக் காது உயரத்துக்கு இறக்குங்கள். திசைக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. நேராக உட்கார்ந்து இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டுங்கள். அங்கிருந்து ஒரு சாண் பின்னால் கொண்டுபோங்கள். விரல் காட்டும் இடம் ஏறக்குறைய 110 டிகிரி. ஸ்டுடியோக்களில் 5.1 கலவை செய்யும்போது பின் ஸ்பீக்கர் வைக்கிற இடமும் கிட்டத்தட்ட அதேதான்.

மொசைக், டைல்ஸ் தரையில் சத்தம் எகிறும். நான் பவானி ஜமக்காளம் ஒன்றை முன் ஸ்பீக்கருக்கும் எனக்கும் நடுவில் விரித்தேன். தாளத்தின் ‘டிக்’ சத்தம் அன்றே தெளிந்தது.

அளவு சமன் செய்தல்

ரிசீவரில் டெஸ்ட் டோன் என்று ஒரு வசதி இருக்கும். ‘ஷ்ஷ்’ என்ற இரைச்சல் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். செல்போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றை வைத்து, உட்காரும் இடத்தில் எல்லாம் ஒரே எண் காட்டும்படி திருத்துங்கள். பின் ஸ்பீக்கர் பக்கத்தில் இருப்பதால் பெரும்பாலும் அதைக் குறைக்க வேண்டி வரும். தூரம் கேட்டால் நூலால் அளந்ததை மீட்டரில் கொடுங்கள். சின்ன சாட்டிலைட் ஸ்பீக்கர் என்றால் ‘ஸ்மால்’ என்று தேர்ந்தெடுங்கள், அடித்தளச் சத்தம் சப்வூஃபருக்குப் போய்விடும்.

சப்வூஃபரைக் கூட்ட வேண்டும் என்று கை பரபரக்கும். வேண்டாம். 5.1ல் அந்த ‘.1’ தடம் சினிமாவின் வெடிச் சத்தத்துக்காக வந்தது. இசைக் கலவை செய்கிறவர்கள் பல நேரம் அதைக் கொஞ்சமாகத்தான் தொடுகிறார்கள்.

டிஸ்க் மெனுவில் ஒரு நிமிடம்

எல்லாம் சரியாக இருந்தும் டிஸ்க் தன்னால் ஸ்டீரியோவில் ஓடலாம். டிவிடி விதிப்படி டிடிஎஸ் கட்டாயமில்லாத ஒலி. அதனால் நிறைய இசை டிஸ்க்குகளில் முதலில் ஓடுவது பிசிஎம் ஸ்டீரியோ. ஆடியோ மெனுவுக்குப் போய் 5.1ஐ நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் ரிமோட்டில் ஆடியோ பொத்தான். டால்பி, டிடிஎஸ் இரண்டும் இருந்தால் நான் டிடிஎஸ்ஸைப் போடுவேன். டிவிடியில் டால்பிக்கு நொடிக்கு 448 கிலோபிட் வரைதான் இடம். டிடிஎஸ்ஸுக்கு 754 அல்லது 1509. டிடிஎஸ் போட்டதும் மௌனமாகிவிட்டால் பயப்பட வேண்டாம், உங்கள் ஆம்ப்பால் அதைப் பிரிக்க முடியவில்லை என்று அர்த்தம். டால்பிக்கு வந்துவிடுங்கள்.

ரிசீவரின் முகப்பில் ‘டிடிஎஸ்’ அல்லது ‘டால்பி டிஜிட்டல்’ என்று எழுத்து வருகிறதா பாருங்கள். ‘பிசிஎம்’ என்று வந்தால் திரும்ப பிளேயர் மெனுவுக்குப் போக வேண்டியதுதான்.

காதை வைத்துச் சோதியுங்கள்

முகப்பு எழுத்தே இல்லாத ஆம்ப்பும் உண்டு. அதற்கு என் வழி இது. ஆம்ப்பை அணைத்துவிட்டு முன் இரண்டு ஸ்பீக்கர், நடு, சப்வூஃபர் நான்கின் ஒயரையும் கழற்றுங்கள். செப்புக் கம்பிகள் ஒன்றோடொன்று உரசாமல் தள்ளி வையுங்கள். ஆம்ப்பை ஆன் செய்து, சத்தத்தைக் குறைவாக வைத்து, பின் இடது ஸ்பீக்கருக்கு ஒரு முழம் பக்கத்தில் காதைக் கொண்டுபோங்கள்.

முழுப் பாட்டும் தூரத்து ரேடியோ மாதிரி மங்கலாக, குகைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தால் அது பரப்பிய ஸ்டீரியோ. நிஜமான 5.1 என்றால் பாட்டில் ஒரு பங்கு மட்டும், ஆனால் முழுத் தெளிவோடு வரும். நான் முதல்முறை சரியாக அமைத்தபோது அங்கே இருந்தது பின்னணிக் குரல்கள் மட்டும். அவர்கள் வரியை ஆரம்பிக்கும் முன் மூச்சு இழுப்பது கேட்டது. வரி முடிந்ததும் ஒன்றுமே இல்லை, வெறும் அமைதி. முன்னால் பாட்டு ஓடிக்கொண்டிருக்க, இவர்கள் அடுத்த வரிக்காகக் காத்திருக்கிறார்கள். 1970களில் ஏதோ ஒரு ஸ்டுடியோவில் மைக்கைச் சுற்றி நின்றவர்களின் பக்கத்தில் போய் நின்றதுபோல் இருந்தது. என் தம்பி எதேச்சையாக உள்ளே வந்து, “என்னண்ணே, பாட்டு பாதில பாதிலயே நிக்குது?” என்றான். அவனையும் உட்கார வைத்துக் காதைக் கொடுக்கச் சொன்னேன்.

அப்புறம் ஆம்ப்பை மறுபடி அணைத்து, எல்லா ஒயரையும் பழையபடி மாட்டுங்கள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒன்று மாறினாலும் அடித்தளச் சத்தம் மெலிந்துவிடும்.

முதல் பாட்டு

குயின் டிஸ்க்கில் ‘பொஹீமியன் ராப்சடி’யைப் போடுங்கள். 1975ல் 24 தட டேப்பில் பதிந்தது, குரல் மேல் குரலாக அடுக்கியது. டிடிஎஸ்ஸில் நடுவிலுள்ள ஆபெரா பகுதிக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஒரு குரல் கூப்பிட, இன்னொன்று வேறு மூலையிலிருந்து பதில் சொல்லும். அந்தப் பகுதி முடிந்ததும் திரும்பப் போய், அதே இடத்தை ஆடியோ பொத்தானை அழுத்தி ஸ்டீரியோவில் ஒருமுறை கேளுங்கள். ஸ்டீரியோவும் அழகுதான், அது அன்று அவர்களே கலந்து கொடுத்தது. எந்தக் குரல் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று மட்டும் கவனியுங்கள். பிறகு மூன்றாவது முறை, மறுபடி 5.1ல்.