பழைய கேமரா, பழைய லென்ஸ்: வீட்டுக்குள் படம் எடுப்பது எப்படி?

2005 வாக்கில் வந்த 6, 8 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர் (லென்ஸைக் கழற்றி மாட்டும் கேமரா) ஒன்று அலமாரியில் கிடக்கிறதா? வீட்டுக்குள் அருமையான படம் எடுக்க அது போதும். வெளிச்சத்தை உணரும் திறனைக் காட்டும் ஐஎஸ்ஓ, பெரும்பாலும் 1600-உடன் நின்றுவிடும் என்பதால் வெளிச்சத்தை மட்டும் நாம் தேடிப் போக வேண்டும்.

முதலில் லென்ஸ். டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். பூஞ்சை இருந்தால் சிலந்தி வலை போலத் தெரியும். கேமராவோடு வந்த கிட் லென்ஸைக் கழற்றிவிட்டு 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸை மாட்டுங்கள். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிதாகும், வெளிச்சம் கூடும். எஃப் 3.5-இல் ஷட்டர் 1/15 நொடி திறந்திருக்க வேண்டிய அதே இடத்தில் இதற்கு 1/60 போதும்.

அடுத்து, ஆளை ஜன்னலோரம் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி உட்கார வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முகத்தில் ஒரு பாதி நீலம், மறுபாதி மஞ்சள். ஜன்னலே படத்துக்குள் வந்துவிட்டால் பழைய லென்ஸ் தாங்காது, பால் கலந்தது போல எல்லாம் வெளுத்துவிடும்.

இப்போது செட்டிங். ரா (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு), மேனுவல் மோட் (எல்லாவற்றையும் நாமே வைப்பது), எஃப் 2.2, ஷட்டர் 1/100, ஐஎஸ்ஓ 800. இருட்டாக வந்தால் ஐஎஸ்ஓவை 1600 ஆக்குங்கள், தயங்க வேண்டாம். குறைந்த ஐஎஸ்ஓவில் இருட்டாக எடுத்து, அப்புறம் கணினியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பழைய சென்சாரில் நிழலைத் தூக்கினால் புள்ளியும் கோடுமாகக் கிளம்பும். ஷட்டரையும் 1/80 நொடியைவிட மெதுவாக்காதீர்கள். புள்ளி விழுந்த படத்தை ரசிக்கலாம், கை ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

சரி, ஃபோகஸ். பொறுமை வேண்டிய இடம் இதுதான். ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக இருப்பது ஏறக்குறைய 3 சென்டிமீட்டர்தான்; கண் தெளிவாக இருக்கும், காது கரைந்துவிடும். எஃப் 2.2 சொன்னது அதனால்தான். ஆட்டோஃபோகஸ் இருந்தால் நடுப்புள்ளியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மங்கலான வெளிச்சத்தில் ஓரப் புள்ளிகள் தடுமாறும். கையால் திருப்பும் லென்ஸ் என்றால், கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணின் இமைமுடி கூர்மையாகத் தெரியும்வரை வளையத்தைத் திருப்புங்கள். பிறகு வளையத்தைத் தொடாதீர்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, உடம்பை மட்டும் மெல்ல முன்னும் பின்னும் சாய்த்தபடி நாலைந்து படம் எடுங்கள். ஒன்றாவது சரியாக விழும்.

அந்தக் காலத்துக் குட்டித் திரையில் எல்லாப் படமும் தெளிவாகவே தெரியும். பெரிதாக்கி, இமைமுடி தனித்தனியாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகே ஆளை எழுந்திருக்க விடுங்கள்.