கார்புரேட்டர் ஒழுகுகிறதா? பிரிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய காரிலோ பைக்கிலோ பெட்ரோல் வாடை அடித்து, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் அடியில் ஈரம் தெரிந்தால், பலரும் உடனே ஒரு ரிப்பேர் கிட் வாங்கி எல்லாவற்றையும் பிரித்துவிடுகிறார்கள். கேஸ்கெட், ஓ-ரிங் போன்ற சீல்கள், பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி எல்லாம் மாற்றிப் பூட்டிய பிறகும் அதே இடத்தில் சொட்டுகிறது. எப்போது ஒழுகுகிறது, எங்கிருந்து ஒழுகுகிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். பிரித்த கணமே தடயம் போய்விடும்.

அதற்கும் முன்னால், இன்ஜின் நன்றாக ஆறட்டும். மின்சார பம்ப் உள்ள வண்டியில் பம்ப் ஓடினால்தான் சில சோதனைகளைச் செய்ய முடியும். மற்ற நேரமெல்லாம் பேட்டரியின் நெகட்டிவ் வயர் கழன்றே இருக்கட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து தூரத்தில் உள்ள நெருப்பையும் எட்டும். மூடிய கராஜில் இந்த வேலை வேண்டாம். உலர் பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஈரம் தெரியும் இடத்தையே குற்றவாளி என்று நினைப்பது

பெட்ரோல் கார்புரேட்டரின் உடம்போடு வழிந்து, மிகத் தாழ்வான இடத்தில்தான் சொட்டாகத் திரளும். அதனால் ஃப்ளோட் கிண்ணத்தின் (பெட்ரோல் தேங்கும் கிண்ணம்; உள்ளே மிதக்கும் ஃப்ளோட் மேலே ஏறி ஊசியை மூடும்) அடித்திருகு நனைந்திருந்தால் கசிவு அங்கேதான் என்று பொருளில்லை. மேலே மூடியின் கேஸ்கெட்டிலிருந்தோ, பெட்ரோல் குழாயின் கிளிப்பிலிருந்தோ வந்திருக்கலாம். கார்புரேட்டரை வெளியே சுத்தமாகத் துடைத்துக் காயவிடுங்கள். காற்று நுழையும் வாயைத் துணியால் மூடிவிட்டு, டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். இன்ஜினை ஓட்டாமல் பெட்ரோலை மட்டும் திறந்துவிட்டுக் காத்திருங்கள். பவுடர் முதலில் எங்கே நனைந்து நிறம் மாறுகிறதோ அதுதான் மூலம். இன்ஜினை ஓட்டும் முன் பவுடர் முழுவதையும் துடைத்தெடுப்பது முக்கியம்.

இதில் அடிக்கடி பழி சுமப்பது த்ராட்டில் ஷாஃப்ட், அதாவது காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டின் அச்சு. ஷாஃப்ட்டின் முனை ஈரமாக இருப்பதைப் பார்த்து அதைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டுவார்கள். புஷ் தேய்ந்திருந்தால், ஓடும்போது அந்த இடைவெளி காற்றை உள்ளே இழுக்கும். பெட்ரோலை வெளியே தள்ளாது. அங்கே ஈரம் இருந்தால், மேலே எங்கோ வழிந்த பெட்ரோல் தொண்டைக்குள் (காற்று போகும் குழல்) இறங்கி ஷாஃப்ட் வழியே வெளியேறுகிறது.

நேரத்தைக் கவனிக்காமல் விடுவது

பெட்ரோல் டேப்பைத் திறந்ததும், அல்லது மின்சார பம்ப் ஓடத் தொடங்கியதும் ஒழுகினால் ஊசி வால்வு மூடவில்லை, அல்லது கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் அதிகம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் கசிந்தால், அப்போது கூடுதல் பெட்ரோல் தள்ளும் ஆக்ஸிலரேட்டர் பம்ப்பின் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கும். ராத்திரி நின்ற வண்டியின் கீழே காலையில் கறை தெரிந்தால் கிண்ணத்தின் கேஸ்கெட், டிரெய்ன் திருகு, அடிப்பகுதியில் அடைத்த பிளக்குகள் ஆகியவற்றைப் பாருங்கள். பம்ப் உள்ள வண்டியில் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்ததும் இந்தக் கசிவு நின்றுவிடும். டேங்க் மேலே இருக்கும் வண்டியில் டேப் திறந்திருந்தால் டேங்கே காலியாகும்.

சூடான இன்ஜினை நிறுத்திப் பத்து இருபது நிமிடம் கழித்து மட்டும் ஒழுகுவது வேறு விவகாரம். கீழிருந்து ஏறும் வெப்பத்தில் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்துப் பொங்கி, தொண்டைக்குள் வழிகிறது. ஊசி வால்வை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் (சிலிண்டர்களுக்குக் கலவை போகும் குழாய்) இடையே இருக்க வேண்டிய தடித்த வெப்பத்தடுப்புத் துண்டு காணாமல் போயிருக்கிறதா, அதற்குப் பதிலாக மெல்லிய கேஸ்கெட் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

பைக்கில் இன்னொரு பிழையும் நடக்கும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போது மட்டத்தின் ஒரு பக்கம் உயர்ந்து ஓவர்ஃப்ளோ குழாய் வழியே சொட்டலாம். வண்டியை நேராக நிறுத்திச் சோதித்த பிறகே முடிவெடுங்கள்.

ஊசியை மட்டும் மாற்றி ஃப்ளோட்டை மறப்பது

கார்புரேட்டர் பொங்கினால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் காரணம்: ஊசிக்கும் அது அமர்ந்து மூடும் இருக்கைக்கும் நடுவே தூசு, கனமாகிப்போன ஃப்ளோட், அல்லது அதிக பெட்ரோல் அழுத்தம். கிண்ணத்தின் பக்கவாட்டில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மெதுவாக நாலு தட்டு தட்டுங்கள். ஒழுகல் நின்றால் ஊசி சிக்கியிருந்தது என்று பொருள். அப்போது ஊசியை மாற்றுவதோடு நிற்காமல் டேங்கில் துரு இருக்கிறதா, வடிகட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். புதிதாக வெட்டிப் போட்ட ரப்பர் குழாயின் உள்ளே இருக்கும் துணுக்குகளும் நேராக ஊசியில்தான் போய் மாட்டும்.

பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே பெட்ரோல் சலசலப்பது கேட்கும். சிறு ஓட்டையைக் கண்டுபிடிக்க, கொதிக்காத சுடுநீரில் முழுக்க அமுக்குங்கள். உள்ளே இருக்கும் காற்று விரிந்து குமிழி வரும். அந்த இடத்தில் ஈயம் பற்றவைக்கும் முன் உள்ளே புகுந்த பெட்ரோல் ஒரு துளிகூட மிஞ்சாமல் வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் கையிலேயே வெடிக்கும். ஈயம் கூடினால் எடை கூடும், எடை கூடினால் மட்டம் உயரும் என்பதால் பற்று மெல்லியதாக இருக்கட்டும். நுரைப் பிளாஸ்டிக் ஃப்ளோட்டில் சத்தம் கேட்காது. அது பெட்ரோலை மெல்ல உறிஞ்சிக் கனத்துப்போகும். அதைச் சிறு தராசில் நிறுத்து, கையேட்டில் உள்ள எடையோடு ஒப்பிடுவதே வழி.

ஃப்ளோட் உயரத்தை அளக்கும்போது கேஸ்கெட்டோடு அளப்பதா, இல்லாமல் அளப்பதா என்பது மாடலுக்கு மாடல் மாறும். கேஸ்கெட்டின் தடிமன் அளவுக்கு மட்டம் தப்பினாலே போதும், பொங்கும். ஊசியின் பின்னால் ஸ்பிரிங் முனை இருந்தால், அதன் மேல் ஃப்ளோட்டின் நாக்கு (ஊசியைத் தள்ளும் சிறு தகடு) லேசாகத் தொட்டால் போதும், அமுக்கக் கூடாது. ஊசியில் பொருந்திய நிலையிலேயே நாக்கை அமுக்கி வளைத்தால் ஊசி முனையில் வடு விழும், புதிய ஊசியும் அன்றே வீணாகும். சோலெக்ஸ் நிறுவனக் கார்புரேட்டர் வகைகள் பலவற்றில் ஊசி வால்வின் கீழே உள்ள வாஷரின் தடிமன்தான் மட்டத்தை நிர்ணயிக்கிறது. பழைய வாஷரைத் தொலைத்துவிட்டு கையில் கிடைத்ததைப் போட்டால் அளவு தப்பும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஒழுகினால் அழுத்தத்தை அளக்கவும். எஸ்யூ, வெபர் போன்ற நிறுவனங்களின் பழைய கார்புரேட்டர்கள் சுமார் 3 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில் நன்றாக வேலை செய்யும். பொதுவாகக் கிடைக்கும் மின்சார பம்ப் பல 4 முதல் 7 பிஎஸ்ஐ வரை தள்ளும், அது நல்ல ஊசியையும் இருக்கையிலிருந்து கிளப்பிவிடும். குழாயில் டி வடிவ இணைப்பு போட்டு கேஜ் மாட்டி அளந்து, தேவையானால் ரெகுலேட்டர் போடுங்கள்.

சிலிக்கான் பசையும் அதிக முறுக்கும்

சாதாரண சிலிக்கான் பசை பெட்ரோலில் ஊறி நெகிழ்ந்து, துணுக்காகப் பிய்ந்து, பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான ஜெட்டை அடைக்கும். திருகை இன்னும் இறுக்கிப் பார்ப்பதும் தீங்குதான். பல கார்புரேட்டர்கள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. மூடியின் ஓரம் வளையும், மரை உரியும். மூடியைச் சமமான கண்ணாடி மேல் கவிழ்த்து, ஓரத்தில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். வளைவு சிறிதாக இருந்தால் அதே கண்ணாடியில் 400 எண் நீர்த்தாளை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) வைத்து, எட்டு வடிவில் தேய்த்துச் சமன் செய்யலாம். புதிய கேஸ்கெட்டைப் பழையதன் மேல் வைத்து எல்லாத் துளைகளும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரையும் கார்க் சீல்களையும் பாதிக்கும். எஸ்யூவின் எச் வகையில் ஜெட்டைச் சுற்றிய கார்க், எச்எஸ் வகையில் கிண்ணத்திலிருந்து ஜெட்டுக்குப் போகும் நைலான் குழாயின் முனை ரப்பர் இரண்டையும் எத்தனாலைத் தாங்கும் பொருளில் மாற்றுவது நல்லது.

உள்ளே போன பெட்ரோலை மறப்பது

வெளியே வந்தது கண்ணுக்குத் தெரியும். மீதி தொண்டை வழியே சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். ஆயில் குச்சியை எடுத்து முகருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ ஆயில் மட்டம் கூடியிருந்தாலோ இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்: நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைக் காக்காது. சிலிண்டரில் பெட்ரோல் நிறைந்திருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் கனெக்டிங் ராடையே வளைத்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றி வெளியேற்றுங்கள். பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, பெட்ரோலைத் திறந்து, இன்ஜின் ஓடாத நிலையில் பத்து நிமிடம் காத்திருந்து பார்த்த பின்பே சாவியைத் திருப்புங்கள்.