அடிவாங்கும் பெற்றோர் வழக்குப் போட்டால் ஊருக்குப் பெயர் தெரியாமல் காப்பது எப்படி?

“கோடு கச்சேரி என்று ஏறினால் ஊர் முழுக்கக் கதைக்கும், பிள்ளையின் மானமும் போய்விடும்.” பிள்ளையிடம் அடிவாங்கியும் வாய் திறக்காத பெற்றோரிடம் ஏன் என்று கேட்டால், வன்னியில் நான் அதிகம் கேட்கும் பதில் இதுதான். கிளிநொச்சியோ முல்லைத்தீவோ வவுனியாவோ மன்னாரோ, நீதிமன்ற வாசலில் தெரிந்த முகம் ஒன்றாவது நிற்கும். அதனால் இந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் பெயரையும் முகத்தையும் காக்க இலங்கைச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதில் பலவற்றை நாமே கேட்டுத்தான் வாங்க வேண்டும், அதுவும் முதல் நாளே.

படி 1: யாரிடம், எங்கே சொல்வது

விஷயம் வெளியே கசிவது பெரும்பாலும் நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்பே. அதனால் நம்பிக்கையான ஒருவரை மட்டும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்திக்கலாம். நாலு பேர் வரிசையில் நிற்கும்போது மேசையடியில் நின்று கதையைச் சொல்லாதீர்கள். “தனியாகக் கதைக்க வேணும்” என்று கேளுங்கள்.

பொலிசுக்குப் போவதென்றால் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்தைக் கேட்டுப் போவது நல்லது. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். சிங்களத்தில் எழுதியிருந்தால், என்ன எழுதியிருக்கிறது என்று விளங்கும்வரை கையெழுத்து வைக்க வேண்டாம்.

படி 2: எந்தச் சட்டத்தில் போவது

அடித்தல், பயமுறுத்திப் பணம் பறித்தல், காணியை எழுதித் தரச் சொல்லி மிரட்டுதல், தொடர்ந்து கடுமையாக அவமானப்படுத்துதல் ஆகியவற்றுக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். இது கணவன் மனைவிக்கு மட்டுமான சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். மகன், மகள், பேரப்பிள்ளை, சகோதரம் என யார் செய்தாலும் கேட்கலாம்.

மனுவை நீதவான் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிசாரும் கொடுக்கலாம். நிலைமை அவசரம் என்று தெரிந்தால் நீதவான் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை தருவார், அதாவது திரும்பவும் வன்முறை செய்யக்கூடாது என்று எதிராளிக்கு இடும் தற்காலிகத் தடை. விசாரணையை மனுக் கொடுத்து 14 நாட்களுக்குள் வைக்க வேண்டும். அதன் பிறகு வரும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை நிற்கும். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

அடி இல்லை, ஆனால் சாப்பாடு மருந்து இல்லாமல் கைவிட்டுவிட்டார்கள் என்றால் அது வேறு பாதை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 60 வயது நிரம்பிய பெற்றோர் பராமரிப்புச் சபையிடம் பராமரிப்புப் பணம் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

படி 3: இருக்கும் இடத்தைச் சொல்லாதீர்கள்

வீட்டை விட்டு வந்து மாங்குளத்தில் தங்கச்சி வீட்டில் தங்கியிருக்கிறீர்கள் என்று வைப்போம். அந்த முகவரி மனுவில் இருந்தால் மனுவின் பிரதி மூலம் மகனுக்கும் தெரிந்துவிடும். மனு எழுதத் தொடங்கும் முன்பே இதைச் சட்டத்தரணியிடம் சொல்லி, அந்த முகவரியை எதிராளிக்குக் காட்டாமல் வைக்க நீதிமன்றத்தைக் கேட்கச் சொல்லுங்கள்.

படி 4: ஆட்களை வெளியே அனுப்பக் கேட்பது

இதை விட்டுவிடவே வேண்டாம். நீதிமன்றம் பகிரங்கமாக நடக்க வேண்டும் என்று சொல்லும் அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரையே, குடும்ப உறவு பற்றிய வழக்குகளில் நேரடித் தொடர்பில்லாதவர்களை வெளியேற்ற நீதிபதிக்கு அதிகாரமும் கொடுக்கிறது. இது அவருடைய விருப்புரிமை. கேட்காவிட்டால் அவருக்கு அது தோன்றாமலே போகலாம். வழக்கு முதல் தடவை கூப்பிடப்படும் நாளிலேயே சட்டத்தரணி எழுந்து கேட்க வேண்டும். சட்டத்தரணி இல்லை என்றால் நீங்களே சொல்லுங்கள்: “ஐயா, இது பெற்ற பிள்ளையைப் பற்றிய விஷயம். சனத்துக்கு முன்னால் என்னால் சொல்ல ஏலாது. மற்ற ஆட்களை அனுப்பிவிட்டு விசாரிக்க முடியுமா?” இப்படிக் கேட்பதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. வடக்கு கிழக்கு நீதிமன்றங்களின் மொழி தமிழ், அதனால் தயங்காமல் கேளுங்கள்.

படி 5: முகத்துக்கு முகம் நிற்கப் பயமென்றால்

நடந்தது குற்ற வழக்காகவும் போனால், 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கப் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். வேறோர் இடத்தில் இருந்து ஒளி ஒலி இணைப்பு மூலம் சாட்சி சொல்ல அதில் வழி உண்டு. யாராவது மிரட்டினால் அதையும் உடனே முறையிடுங்கள்.

படி 6: போனையும் யூடியூப்பையும் தள்ளி வையுங்கள்

குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அவரை அடையாளம் காட்டும் எதையுமோ வெளியிடுவது குற்றம். எதிராளிக்கும் இதே காப்பு உண்டு. “மகன்ரை பேர் கெட்டுப்போகும்” என்று அழும் அம்மாவுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

உதவி செய்கிறோம் என்று கமராவோடு படலைக்கு வருகிறவர்களின் மனம் நல்லதாகவே இருக்கலாம். இருந்தாலும் வழக்கு பற்றி ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம். முகத்தை மறைத்தாலும் வீடு, கிணறு, குரல் ஆகியவற்றை வைத்தே ஊர்ச்சனம் கண்டுபிடித்துவிடும். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளே, இது உங்களுக்கும்தான்: கட்டளையைப் படம் பிடித்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். வழக்கு இலக்கத்தை மட்டும் வைத்துக் கதையுங்கள்.

கட்டளை கிடைத்ததும் ஒரு பிரதி உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்றைப் பக்கத்து வீட்டில் நம்பிக்கையானவரிடம் மடித்துக் கொடுத்து வையுங்கள். கட்டளையை மீறி மகன் படலையைத் திறந்தால், அவரோடு கதைக்கப் போகாமல் 119க்கு அழையுங்கள்.