சிறிய ஊரில் ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பைத் தொடங்கி நிலைக்கச் செய்வது எப்படி

திருநெல்வேலி மாவட்டத்தில் அம்பாசமுத்திரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். அந்தக் காலம் முழுவதும் ஊரார் என் வகுப்பைப் ‘பல்டி அடிக்கிற வகுப்பு’ என்றே சொல்லிவந்தார்கள். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், நாங்குநேரி போன்ற ஊர்களில் இந்த விளையாட்டைப் புதிதாகத் தொடங்க விரும்பும் பி.டி. ஆசிரியர்களுக்காகவும், முன்பு பயிற்சி பெற்றுவிட்டு இப்போது வேறு வேலையில் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

கருவி வாங்கப் பணம் திரட்டுவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஆண்களுக்கு ஆறு, பெண்களுக்கு நான்கு என்று போட்டிக் கருவிகள் இருக்கின்றன. ஒரு முழுத் தொகுதியின் விலையைக் கேட்டாலே உள்ளூர்ப் புரவலர் எழுந்து போய்விடுவார். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அவற்றில் ஒன்றுகூடத் தேவையில்லை என்பதுதான் உண்மை. தேவைப்படுவது தரை, மெத்தை, சுவர் ஆகிய மூன்றும்தான்.

தரைக்குப் பள்ளியின் இறைவணக்கக் கூடம் போதும். அது கிடைக்காத ஊரில் கல்யாண மண்டப உரிமையாளரைப் போய்ப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் பூட்டித்தான் கிடக்கும். காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை கேட்டால், மின்கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுக்கும் அண்ணாச்சிகள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். மண்டபத் தரை கல்லாகவோ டைல்ஸாகவோ இருக்கும் என்பதால், மெத்தை விரிக்காமல் ஒரு குட்டிக்கரணம்கூடப் போடவிடக் கூடாது.

மெத்தை விஷயத்தில் முதல் ஆண்டில் நானே பிழை செய்தேன். கட்டிலுக்கு வாங்கும் மென்மையான ஃபோமை ஓரடி கனத்துக்கு வாங்கிப் போட்டேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் குதித்து இறங்கியபோது பாதம் மெத்தைக்குள் புதைந்து நின்றுவிட, உடல் மட்டும் திரும்பியதில் கணுக்கால் பிசகி, மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தான். மெத்தை மென்மையாக இருந்தால் பாதுகாப்பு என்பது தவறான எண்ணம். அடியில் ரப்பர் கலந்த தென்னைநார் மெத்தை, அதன்மேல் கையால் அழுத்தினால் இரண்டு விரற்கடைக்குமேல் இறங்காத கெட்டி ஃபோம், எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கித் தைத்த கான்வாஸ் உறை என்று அமைத்துக்கொள்ளுங்கள். போட்டிகளில் இறங்குமிடத்து மெத்தை 20 செ.மீ. கனம் இருக்கும், தரைப் பயிற்சிக்கு அதில் கால் பங்கு போதும். பத்தமடைப் பாய் நம் ஊரின் பெருமைதான், ஆனால் கோரை வழுக்கும். கரணம் பழக அது உதவாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நார் ஈரம் இழுத்துப் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால், வெயில் தலைகாட்டும் நாளிலெல்லாம் உறையைக் கழற்றிக் காயவைக்க வேண்டும்.

இனி ஹேண்ட்ஸ்டாண்ட், அதாவது கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்பது. இதற்கு ஓர் ஆண்டு முழுவதையும் கொடுங்கள் என்றால் புதிய ஆசிரியர்கள் நம்ப மறுக்கிறார்கள். சிங்கிள் பாரிலும் டபுள் பாரிலும், ஓடிவந்து கையூன்றித் தாண்டும் வால்ட்டிலும் பின்னால் வரும் பெரும்பாலான வித்தைகள் இந்த ஒரு நிலையைக் கடந்துதான் போகின்றன என்பதால், இங்கே கோணலாக நிற்கப் பழகிய பிள்ளை எல்லா இடத்திலும் கோணலாகவே செய்யும். முதுகைச் சுவருக்குக் காட்டிக் காலை உதைத்து ஏறும் பள்ளிக்கூடப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதில் இடுப்பு வளைந்து வாழைப்பழம்போல் நிற்கத்தான் வரும். பிள்ளை சுவரைப் பார்த்தபடி, பாதங்களைச் சுவரில் வைத்துப் படிப்படியாக ஏறி, கைகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தூரம்வரை நகர்த்திக் கொண்டுவர வேண்டும். விரல்கள் விரிந்திருக்க வேண்டும். உடல் முதுகுப்பக்கம் சாயும்போது விரல்நுனிகள் தரையைக் கவ்வுவதும், வயிற்றுப்பக்கம் போகும்போது உள்ளங்கையின் அடிப்பகுதி அழுந்துவதும் பக்கத்தில் குந்திப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். தோள் காதைத் தொட வேண்டும், விலா எலும்பு துருத்தக் கூடாது. முதலில் பத்து வினாடி, பிறகு முப்பது, ஆண்டு முடிவில் ஒரு நிமிடம்.

அதற்கு முன்பே விழுவதற்குக் கற்றுக்கொடுத்துவிடுங்கள். சுவரில்லாமல் நிற்கும்போது முதுகுப்பக்கம் சாய்ந்துவிட்டால், ஒரு கையை எடுத்து முன்னால் வைத்து, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, வண்டிச்சக்கரம்போல் காலைத் தரைக்குக் கொண்டுவர வேண்டும். இதை நூறு தடவை செய்த பிள்ளைக்குப் பயம் போய்விடும். பயம் போன பிறகுதான் உடல் நேராகும். நீங்கள் தாங்கிப் பிடிக்கும்போது முன்னால் நிற்காமல் பக்கத்தில் நின்று தொடையைப் பிடியுங்கள். கணுக்காலைப் பிடித்தால் மேலே ஆட்டம் நிற்கும், கீழே இடுப்பு மடங்கும். பின்கரணத்தில் பாரம் முழுவதும் கழுத்தில் இறங்குவதால், அதைச் சரிவான மெத்தையில்தான் தொடங்க வேண்டும்.

பீம் என்னும் சமநிலைக் கட்டையை ஊரிலேயே செய்துகொள்ளலாம். போட்டிக்கட்டை 5 மீட்டர் நீளமும் 10 செ.மீ. அகலமும் கொண்டது, தரையிலிருந்து 125 செ.மீ. உயரத்தில் நிற்கும். முதலில் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் 10 செ.மீ. அகலத்துக்கு இரண்டு கோடு போட்டு அதற்குள் நடக்கவிடுங்கள். ஆறு மாதம் கழித்து, ஒரு சாண் உயரக் கட்டையை ஆசாரியிடம் செய்யச் சொல்லலாம். விளிம்பை இழைப்புளியால் உருட்டிவிட வேண்டும் என்று நான் கேட்டபோது எங்கள் ஊர் ஆசாரி, உட்காரவும் முடியாத படுக்கவும் முடியாத பெஞ்சு எதற்கு என்றார். பிறகு அவருடைய பேத்தியே அதில் ஏறி நடந்தாள். மேலே மெல்லிய ஃபோம் வைத்து, ஜமுக்காளத்தை இழுத்துக் கட்டி ஆணியடித்தோம். ஆணித் தலைகள் கட்டையின் அடிப்பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

சிங்கிள் பாருக்குத் தண்ணீர்க் குழாயை வெல்டிங் செய்து நட்டுவைப்பது நம் பள்ளிகளில் வழக்கம். போட்டிக் கம்பி 28 மி.மீ. விட்டமுள்ள, வளைந்து நிமிரும் எஃகு. தண்ணீர்க் குழாய் அப்படிப்பட்டதல்ல. அதில் தொங்கலாம், சிறிதாக ஊசலாடலாம், அதற்குமேல் அனுமதிக்காதீர்கள். கைவியர்வைக்கு மக்னீசியம் கார்பனேட் பொடி வாங்குங்கள், முகப்பவுடர் வழுக்கும்.

பெற்றோர் பக்கம் வருகிறேன். “சார்வாள், பிள்ளைக்குக் கால் ஒடிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்?” என்று ஓர் ஆச்சி பள்ளி வாசலில் நின்று கேட்டார். வாயால் பதில் சொல்லாமல் உள்ளே அழைத்துப்போய், ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பிள்ளைகள் விழப் பழகுவதைக் காட்டினேன். உடையைப் பற்றிய தயக்கத்துக்கும் பதில் உண்டு: 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனி வீராங்கனைகள் கணுக்கால் வரை மறைக்கும் உடையில்தான் ஆடினார்கள், விதி அதை அனுமதிக்கிறது. பூப்பெய்தியதும் பெண்பிள்ளைகள் நின்றுவிடுவதுதான் பெரிய இழப்பு. சடங்கு முடிந்த பிறகு போய்க் கேட்டால் காலம் கடந்துவிடும். பத்து வயதிலேயே தாயிடம் உங்கள் உதவி ஆசிரியையைவிட்டுப் பேசவையுங்கள். வீட்டில் கொடுக்கும் உளுந்தங்களியைத் தடுக்காதீர்கள். உடல் கனத்துவிடும் என்று பிள்ளையைப் பட்டினி போடும் பயிற்சியாளரை வகுப்புக்குள்ளேயே சேர்க்காதீர்கள்.

ஆண்டுவிழாப் பிரமிடு பற்றி ஒரு வார்த்தை. மூன்றடுக்குக்கு ஆளின்மேல் ஆள் ஏற்றிக் கைதட்டல் வாங்குவதை நான் பத்தாண்டு செய்தேன், பிறகு நிறுத்தினேன். மெத்தையில்லாத மேடையில், பயிற்சியற்ற பிள்ளையின் முதுகில் இன்னொரு பிள்ளையை நிறுத்துவது ஜிம்னாஸ்டிக்ஸ் அல்ல. கோயில் கொடை விழா மேடைக்குக் கூப்பிட்டாலும் தரைப் பயிற்சிகளை மட்டுமே காட்டுங்கள்.

நம் ஊரில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு நான் திரிபுராவின் தலைநகரான அகர்தலாவைச் சொல்வேன். திரிபுரா சிறிய மாநிலம். அங்கே விஸ்வேஸ்வர் நந்தியிடம் பயின்ற தீபா கர்மாகருக்குத் தட்டைப்பாதம். வால்ட்டுக்கு ஓடி வந்து இறங்க அது பெருந்தடை. அதைப் பல ஆண்டு உழைப்பால் சமாளித்து, 2016 ரியோ ஒலிம்பிக் வால்ட்டில் 15.066 புள்ளி பெற்று நான்காவதாக வந்தார், வெண்கலம் 0.150 புள்ளியில் போயிற்று. கடலுக்கு அப்பால் இலங்கையிலிருந்தும் மில்கா கெஹானி டோக்கியோ வரை போனார். ஒலிம்பிக்கில் ஆடப் பெண்களுக்குப் போட்டி நடக்கும் ஆண்டில் 16 வயது நிறைய வேண்டும். ஆறு வயதில் சேரும் பிள்ளைக்குப் பத்தாண்டு அவகாசம் இருக்கும்போது, எட்டு வயதில் பதக்கம் கேட்டு அவசரப்படும் தகப்பனாரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

நீங்கள் முறையாகப் பயிலாதவரானால், பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் படிப்புகளைப் பற்றி விசாரியுங்கள். காணொளி பார்த்துப் பின்பல்டி கற்பிப்பது கூடாது.

ஐந்தாம் ஆண்டிலிருந்தே உங்கள் மாணவரில் ஒருவரை இரண்டாவது ஆசிரியராகத் தயார் செய்யத் தொடங்குங்கள். நன்றாக ஆடுபவரைவிட, சின்னப் பிள்ளை விழுமுன் கை நீட்டுபவரைத் தேர்ந்தெடுங்கள். அவருக்குச் சிறிதாவது சம்பளம் கொடுங்கள், கூடத்தின் சாவியில் ஒன்றையும் கொடுங்கள். அவர் வகுப்பு எடுக்கும் நாளில் நீங்கள் வெளித் திண்ணையில் உட்காருங்கள். குறை தெரிந்தால் பிள்ளைகள் முன்னால் திருத்தாமல், வகுப்பு கலைந்த பிறகு டீக்கடையில் வைத்துச் சொல்லுங்கள்.