மலையூரில் ரத்ததான முகாம்: திரைக்குப் பின்னால் செய்ய வேண்டியவை

முகாம் நடத்தப் போகிறோம் என்று என்னிடம் வருகிறவர்கள் பேனர், பிஸ்கட், ஜூஸ், யார் தலைமை என்பதைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: அந்தரங்கக் கேள்விகளை எந்த மூலையில் வைத்துக் கேட்கப் போகிறீர்கள்? பெரும்பாலும் அதற்குப் பதில் இருக்காது. "அதெல்லாம் ஃபார்மில் டிக் அடித்துவிடுவார்கள் மேடம்" என்பார்கள். கோத்தகிரியில் இருந்துகொண்டு நான் செய்யும் ஆய்வே இந்த டிக்கைப் பற்றியதுதான். ரத்தம் கொடுக்க வருகிறவர் பாலியல் வாழ்க்கை பற்றிய கேள்விக்கு எப்போது உண்மை சொல்கிறார், எப்போது மழுப்புகிறார் என்பதைக் கவனிப்பது என் வேலை. அதில் தெரிந்துகொண்டதை, முகாம் ஏற்பாடு செய்கிற மன்றங்களுக்கும் கல்லூரிகளுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

"எடுத்த ரத்தத்தை எல்லாம் டெஸ்ட் பண்ணத்தானே போகிறார்கள், அப்புறம் எதற்குக் கேள்வி?" என்று கேட்பார்கள். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதனை கட்டாயம். ஆனால் கிருமி உடம்பில் நுழைந்த அன்றே எந்தக் கருவியும் அதைக் காட்டாது. எச்.ஐ.வி.க்கு எதிர்ப்பொருளை மட்டும் பார்க்கும் சோதனைக்கு ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். கிருமியின் மரபணுவையே தேடும் நாட் சோதனைக்கும் பத்து நாளுக்கு மேல் வேண்டும். இடைப்பட்ட நாட்களில் எடுத்த ரத்தம் 'நெகட்டிவ்' என்ற முத்திரையோடு வார்டுக்குப் போய்விடும். ஒரு பையைச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரித்தால் மூன்று பேருக்குப் போகும். அந்த இடைவெளியை அடைப்பது கொடுப்பவரின் வாய்ச்சொல் மட்டும்தான்.

நம் மலையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீலகிரிப் பழங்குடி மக்களிடம், சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் அரிவாள் செல் ரத்தக் குறைபாடு இருப்பது 1952-லேயே மருத்துவ இதழில் வெளியானது. கூடலூர், பந்தலூர் பக்கம் அதனோடு வாழ்கிற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்களில் சிலருக்கு ரத்தம் திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு புதுப் பையிலும் யாரோ ஒருவர் சொன்ன பதிலை நம்பித்தான் அவர்கள் கை நீட்டுகிறார்கள்.

சரி, நாள் குறிப்பதைப் பார்ப்போம். ஜூன் 14 உலக ரத்ததான நாள், அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ ரத்ததான நாள். பேனருக்கு இரண்டும் பொருத்தம், மழைக்கு இரண்டும் பொருந்தாது. முன்னதில் கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை, பின்னதை ஒட்டிக் குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு மழை. ரோட்டில் மண் சரிந்தால் ரத்த மைய வண்டி வராது. ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலாக் கூட்டம், விபத்துகள், தேவை எல்லாம் கூடும், ஆனால் ரத்தம் கொடுக்கிற கல்லூரிப் பிள்ளைகள் லீவில் ஊருக்குப் போயிருப்பார்கள். அதனால் மார்ச் நல்ல மாதம். டிசம்பர், ஜனவரியில் வைத்தால் காலை பத்து மணிக்கு முன் தொடங்க வேண்டாம். குளிரில் நரம்பு சுருங்கி, ஊசி போடுகிறவர் திணறிப்போவார்.

நோட்டீஸில் இந்த வரி கட்டாயம் இருக்கட்டும்: "எச்.ஐ.வி. சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று நினைப்பவர்கள் அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்துக்குச் செல்லுங்கள். இலவசம், ரகசியம் காக்கப்படும். சந்தேகங்களுக்கு 1097." இதை விழாக் குழுவினர் விரும்ப மாட்டார்கள். "நல்ல காரியத்தில் எச்.ஐ.வி. பேச்சு எதற்கு?" என்பார்கள். ஆனால் தனக்கு ஏதாவது தொற்றியிருக்குமோ என்ற பயத்தில், யாருக்கும் தெரியாமல் டெஸ்ட் செய்துகொள்ள முகாமுக்கு வருகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்கு வேறு வழியைக் காட்டாவிட்டால் உங்கள் மேசைக்குத்தான் வருவார்கள். அப்படி வருகிறவர் பயப்படுவது அநேகமாகச் சமீபத்தில் நடந்த ஒன்றுக்காக. சோதனையில் சிக்காத காலமும் அதுதான்.

எஸ்டேட்டில் முகாம் வைத்தால், ரத்தம் கொடுத்தவருக்கு மட்டும் அரை நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று அறிவிக்க விடாதீர்கள். கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கு அரை நாள் கூலி சின்ன விஷயமில்லை. அந்தரங்கக் கேள்விக்கு 'ஆம்' என்றால் கூலி போகும் என்ற நிலையில் யாரும் 'ஆம்' சொல்ல மாட்டார்கள். விடுப்பு கொடுப்பதானால் முகாமுக்கு வந்த எல்லாருக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். பிஸ்கட், டீ, நன்றிச் சீட்டு எதிலும் கொடுத்தவர், கொடுக்காதவர் என்ற வித்தியாசம் வேண்டாம்.

இனி அந்த மூலை. முகாமின் வெற்றி தோல்வி இங்கேதான் இருக்கிறது.

பெரும்பாலான இடங்களில் ஒரு பெட்ஷீட்டைக் கட்டித் திரை என்று சொல்லிவிடுவார்கள். அது கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. பள்ளி வகுப்பறை கிடைத்தால் ஹாலோடு ஒட்டாத அறையாகப் பாருங்கள். ஒரே ஹால்தான் என்றால், பதிவு வரிசையிலிருந்து மிகத் தூரமான மூலையை எடுத்துக்கொண்டு, வரிசைக்கும் திரைக்கும் நடுவில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுங்கள். தகரக் கூரை என்றால் மழை வந்ததும் கேள்வி கேட்பவர் கத்த வேண்டியிருக்கும். அப்போது கேள்வியை நிறுத்திவிட்டு மழை விடும்வரை காத்திருப்பதுதான் சரி. நாற்காலிகளை எதிரெதிராகப் போடாமல் பக்கவாட்டில் போடுங்கள். வந்தவரின் முதுகு ஹாலைப் பார்த்து இருக்கட்டும். படிவத்தை இருவரும் சேர்ந்து பார்ப்பது போல உட்கார்ந்தால், முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிற சங்கடம் பாதி குறைந்துவிடும்.

இதைவிட முக்கியம், வெளியே வருகிற வழி. பல முகாம்களில் முதலில் விரலில் குத்தி ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு, தேறியவர்களைத்தான் கேள்வி மேசைக்கு அனுப்புவார்கள். நேரம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் அந்த மேசையிலிருந்து ஒருவர் ரத்தம் கொடுக்காமல் திரும்பினால், காரணம் கேள்விதான் என்று வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். படுகர்களின் ஹட்டி ஊரிலோ, தொழிலாளர் குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீடுகளிலோ அந்தச் செய்தி அவர் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே போய்விடும். அதனால் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், கேள்விகள் எல்லாவற்றையும் ஒரே மறைவுக்குள் வையுங்கள். 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி. தோட்டத்தில் வேலை செய்கிற பெண்கள் பலர் அந்த அளவை எட்ட மாட்டார்கள். எடை 45 கிலோ இல்லாதவர்கள், நேற்று மாத்திரை போட்டவர்கள், மூன்று மாதத்துக்குள் ரத்தம் கொடுத்தவர்கள் என்று திரும்பிப் போகிறவர்கள் நிறைய இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் கேள்வியால் திரும்புகிறவரும் ஒருவராகப் போகட்டும். கையில் கொடுக்கும் சீட்டு எல்லாருக்கும் ஒரே நிறத்தில் இருக்கட்டும். அதில் "இன்று ரத்தம் கொடுக்க இயலவில்லை" என்பதற்கு மேல் ஒரு எழுத்தும் வேண்டாம்.

கேட்பவர் உள்ளூர்க்காரராக இருக்கக் கூடாது. மன்றத்துப் பையன்கள், எஸ்டேட் ரைட்டர், ஊர்த் தலைவர், சர்ச் ஃபாதர் யாரும் திரைக்கு அருகில் வர வேண்டாம். கோத்தகிரி முகாமுக்குக் கூடலூரிலிருந்து ஆலோசகரைக் கூப்பிடுங்கள், கூடலூருக்குக் கோத்தகிரியிலிருந்து. பெண்களுக்குப் பெண் ஆலோசகர் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படிவத்தைப் படித்துக் காட்டும் வேலையையும் ஆலோசகரே செய்யட்டும். உதவிக்கு வந்த மகனையோ மருமகளையோ உள்ளே விடாதீர்கள்.

எப்படிக் கேட்பது? "உங்களைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை" என்று தொடங்காதீர்கள், அதைக் கேட்டதும்தான் சந்தேகம் வரும். "கல்யாணம் ஆனவர், ஆகாதவர், பெரியவர், சின்னவர் எல்லாரிடமும் இதே கேள்விதான்" என்று சொல்லிவிட்டு, காலத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்: கடந்த ஆறு மாதத்தில் புதிதாக யாருடனாவது உடலுறவு இருந்ததா? ஒருவருக்கு மேல்? ஆணுறை இல்லாமல்? பிறப்புறுப்பில் புண், சீழ், எரிச்சல்? ஊசியைப் பகிர்ந்ததுண்டா, பச்சை குத்தியதுண்டா? "தவறான உறவு உண்டா?" என்று கேட்டால் நூற்றுக்கு நூறு பேரும் இல்லை என்பார்கள். 'ஆம்' என்று சொன்னவரிடம் கதை கேட்காதீர்கள். "சொன்னதற்கு நன்றி, இந்த முறை வேண்டாம்" என்று சொல்லி, நம்பிக்கை மையம் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். சம்பவம் நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால், எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை உடனே தொடங்க முடியும். அரசு மருத்துவமனைக்கு அன்றே அனுப்புங்கள்.

இங்கே என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். 2017-இல் வந்த இந்திய வழிகாட்டுதல் திருநங்கைகள், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள், பாலியல் தொழில் செய்யும் பெண்கள் ஆகியோரை நிரந்தரமாக விலக்கி வைக்கிறது. 2021-இல் மணிப்பூரைச் சேர்ந்த திருநங்கைச் செயற்பாட்டாளர் ஒருவர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அதே ஆண்டு ஜூன் 14 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில், நீங்கள் யார் என்று பார்க்காமல், கடந்த மூன்று மாதத்தில் என்ன நடந்தது என்று எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு அதுதான் அறிவுக்குப் பொருந்துகிறது. கல்யாணமாகி நான்கு இடத்தில் தொடர்பு வைத்திருப்பவர் சட்டை மடிப்புக் கலையாமல் கட்டிலில் படுத்துவிடுகிறார், அவரிடம் யாரும் அழுத்திக் கேட்பதில்லை. முகாமில் நாம் விதியை மாற்ற முடியாது. ஆனால் ஒரு திருநங்கை வந்தால் வாசலிலேயே நிறுத்தி, எல்லார் முன்னாலும் 'முடியாது' என்று சொல்லாமல் இருக்க முடியும். மற்றவர்களைப் போலவே உள்ளே அழைத்து உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

எல்லாம் செய்தாலும் சிலர் அந்த நேரத்தில் வாயைத் திறக்க மாட்டார்கள். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து வந்திருப்பார்கள், தான் மட்டும் எப்படிப் பின்வாங்குவது? ஆஸ்பத்திரியில் சொந்தக்காரருக்காகக் கொடுக்க வருகிறவருக்கு இந்த நெருக்கடி இன்னும் அதிகம். இவர்களுக்காக, டீ குடிக்கும்போது ஒவ்வொருவருக்கும் பை எண் எழுதிய ஒரு துண்டுச் சீட்டைக் கொடுங்கள். அதில் ரத்த மையத்தின் தொலைபேசி எண்ணும் இந்த வரியும் போதும்: "உங்கள் ரத்தத்தை நோயாளிக்கு ஏற்ற வேண்டாம் என்று தோன்றினால் போன் செய்து பை எண்ணைச் சொல்லுங்கள். பெயரும் காரணமும் கேட்க மாட்டோம்." ரத்த மையத்தோடு இதை முன்கூட்டியே பேசி, போனை எடுப்பவருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

கடைசியாக, முடிவு சொல்வது. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட செய்தி நினைவிருக்கும். அந்த ரத்தத்தைக் கொடுத்த இளைஞர் அதற்கு முன்பும் ரத்தம் கொடுத்திருந்தார், அப்போதே தெரிந்த தொற்று அவருக்குச் சொல்லப்படவில்லை என்று செய்திகளில் வந்தது. பிறகு வேறொரு சோதனையில் தெரிந்துகொண்டு, அவரேதான் வந்து சொன்னார். எனவே பதிவு மேசையில் போன் நம்பர் வாங்கும்போது, அது யார் கையில் இருக்கும் போன் என்றும் கேட்டு எழுதுங்கள். எஸ்டேட் லைனில் பல வீடுகளுக்கு மகனின் போன்தான் ஒரே போன். இரண்டாவதாக ஒரு வழியும் வேண்டும்: எந்த நாளில் நேரில் பார்க்கலாம், எங்கே பார்க்கலாம். முகவரியில் டிவிஷன் பெயரும் லைன் எண்ணும் இல்லாவிட்டால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. முடிவைப் போனில் சொல்லக் கூடாது. நேரில் வரவழைத்து, அவரிடம் மட்டும் சொல்ல வேண்டும். 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தின்படி ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவர் நிலையை வெளியே சொல்லக் கூடாது, முகாம் நடத்தியவர்களுக்கும் அது தெரிய வேண்டியதில்லை. கூப்பிடும்போது வேறு யாராவது போனை எடுத்தால், ரத்த மையம் என்று சொல்லாமல், பெயரை மட்டும் சொல்லி, அவர் எப்போது வருவார் என்று கேட்டு வைத்துவிடுங்கள். உள்ளூர் நம்பிக்கை மையத்துக்குப் போகக் கூச்சப்பட்டால் மேட்டுப்பாளையமோ கோயம்புத்தூரோ போகலாம் என்று சொல்லுங்கள், பஸ் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள்.